சிவாஜி மிகையாக நடித்தாரா?

சிவாஜி கணேசன் பெரிய நடிகர், ஆனால் மிகைநடிப்புக்காரர். இந்தத் தீர்ப்பை இன்று யாரும் விவாதிப்பதுகூட இல்லை. சினிமா கட்டுரைகளில் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மலேசியாவில் இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. ரப்பர் தோட்டத்து ஜனங்கள் படிப்பறிவில்லாதவர்கள், உரக்கச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும், அதனால்தான் சிவாஜியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், அழுது அழுதே மந்தமாகிப் போனார்கள் என்பது அது. இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொல்பவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, படித்து, பட்டணத்துக்குப் போனவர்கள். அதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

சிவாஜிக்காக வாதாடுகிறவர்களும் கடைசியில் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அந்தக் காலத்துப் பாமர ரசிகனுக்காக அவர் அப்படி நடிக்க வேண்டியிருந்தது, காலத்தைப் பார்த்து மன்னித்துவிடுங்கள் என்கிறார்கள். குற்றம் சாட்டுகிறவரும் மன்னிப்புக் கேட்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: தோட்டத்துத் திடலில் கட்டிய திரைத் துணிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவனுக்கு நுணுக்கம் தெரியாது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்தப் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவன் என்ற முறையில் இரண்டு பேரையும் மறுக்கிறேன்.

அந்தத் திடலிலிருந்தே தொடங்குகிறேன். ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ், தம்பின் என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். மாரியம்மன் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ நிர்வாகமோ கோவில் கமிட்டியோ படம் வரவழைக்கும். பொழுது சாயும்போது வேன் வந்து நிற்கும். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இடவலம் மாறிய சிவாஜியைப் பார்ப்பார்கள். ஒரு புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் தீர்ந்ததும் படம் நின்றுவிடும். அடுத்த ரீல் ஏறும்வரை இருட்டு, ஜெனரேட்டர் இரைச்சல், சுருட்டு நெருப்பு.

அந்த இருட்டில் நடந்த பேச்சைக் கேட்டவர்கள் தோட்டத்து ரசிகனைப் பாமரன் என்று சொல்ல மாட்டார்கள். போன படத்தில் இருந்த நடை இதில் இல்லை, கவனித்தாயா என்பார் ஒருவர். கடிதத்தைப் படிக்கும்போது கை நடுங்கியது, முகம் நடுங்கவில்லை என்பார் இன்னொருவர். அழுகிற காட்சியில் அழாத பக்கம் எது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு இருக்கிறது, இருட்டோடு மர நிரையில் இறங்கிப் பால்மரம் வெட்ட வேண்டும், படமோ பதினொரு மணியைத் தாண்டித்தான் முடியும். தூக்கத்தைக் கொடுத்துப் படம் பார்த்தவர்கள் அவர்கள். என் அம்மாவும் அடுத்த நிரைக்காரப் பெண்களும் பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றபடி முந்தைய இரவின் ஒரு பார்வையையோ ஒரு திரும்பலையோ அலசிக்கொண்டிருப்பார்கள். அதை விமர்சனம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் காமன் கூத்து இருந்தது. அரிச்சந்திரன் மயான காண்டம் இருந்தது. திருவிழா இரவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து இளைஞர்களே வேஷம் கட்டினார்கள், தமிழ்ப்பள்ளி வாத்தியார் வசனம் எழுதிக் கொடுத்தார். பகலில் பால் வெட்டியவன் இரவில் ராஜாவாகவும் சந்திரமதியாகவும் நின்றான். மேடையில் நின்று பார்த்தவனுக்கு எது அளவு, எது அளவு மீறல் என்று தெரியும். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியவனைத் தோட்டம் சும்மா விட்டதில்லை, அடுத்த திருவிழாவரை கேலி செய்திருக்கிறது. சிவாஜியை அது கேலி செய்யவில்லை.

சிவாஜி வந்ததும் ஏறத்தாழ அதே வழியில்தான். 1928-ல் பிறந்த வி.சி. கணேசன், சின்ன வயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்புக்கு இழுத்தது என்று பின்னாளில் சொன்னார். பள்ளிக்கூடம் போகிற வயதில் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். முதலில் கட்டியது சீதை வேஷம். அந்தக் கம்பெனிகளில் பையன்களுக்குப் பாட்டும் ஆட்டமும் வசனமும் மட்டும் சொல்லித் தரப்படவில்லை. ஒரே நாடகத்தில் எந்தப் பாத்திரம் தலையில் விழுந்தாலும் அன்று இரவே ஏறி நடிக்கும் தயார்நிலை சொல்லித் தரப்பட்டது. பெண்ணாகவும் கிழவனாகவும் சேவகனாகவும் மாறி மாறி நின்ற பையனுக்கு உடம்புதான் கருவி என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜியாக நடித்ததைப் பார்த்து, பெரியார் அந்தப் பெயரையே அவருக்குச் சூட்டினார். நாடகத்திலிருந்து வந்தவர் என்பதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நான் அதை அவருடைய படிப்பு என்கிறேன்.

இனி, மிகை என்ற சொல்லுக்கு வருகிறேன். எதைவிட மிகை? அடக்கிப் பேசுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதும்தான் இயல்பு என்றால், அது யாருடைய வீட்டு இயல்பு? எங்கள் லயத்தில் ஓர் உயிர் போனால் பத்து வீட்டுக்குக் கேட்கும். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், செத்தவரின் கதையைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள், ஆண்கள் மண்ணில் புரண்டு அழுவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள், அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. காத்திருந்த பெண்கள் தொண்டைக்குள் அழவில்லை. இப்படி அழுகிற சமூகத்தின் துக்கத்தைத் திரையில் காட்ட ஒருவன் வந்தால் அவன் எப்படி அழ வேண்டும்? ‘பாசமலர்’ அண்ணன் அழுதது எங்கள் கண்ணுக்கு அளவாகத்தான் இருந்தது. அதை மிகை என்றவர்கள் எங்கள் வீட்டு இழவுக்கு வந்ததில்லை.

1952-ல் வந்த ‘பராசக்தி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ட் காட்சியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அதற்கு முன்னால் உள்ள கதையை மறந்துவிடுகிறார்கள். பிழைக்க ரங்கூன் போன மூன்று அண்ணன்கள், ஊரில் ஒரே தங்கை, போர் வந்ததால் கப்பலில் ஒருவனுக்கு மட்டும் கிடைக்கும் டிக்கெட், வந்து இறங்கிய குணசேகரன் (சிவாஜி) முதல் நாளே எல்லாவற்றையும் பறிகொடுத்துத் தெருவில் நிற்பது. ஊரில் தங்கையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்து, போர்க் காலத்தில் கடிதம்கூட அறுந்துபோய் இருந்தவர்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எத்தனை பேர்! குணசேகரனின் குரல் ஏறியதற்குக் காரணம் அவர்களுக்கு விளக்கத் தேவைப்படவில்லை. கலைஞர் வசனத்தின் அடுக்கை மட்டும் ரசித்தவர்களுக்கு அது சொற்பொழிவாகத் தெரிந்திருக்கலாம்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இன்னும் பெரிய வழக்கு. மிகைக்கு உதாரணம் கேட்டால் முதலில் இதைத்தான் நீட்டுகிறார்கள். முதலில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகம் அது. 1959-ல் பி.ஆர். பந்துலு படமாக்கினார். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் தமிழ் தெரியாத நடுவர்களிடம் செல்லுபடியாகியிருக்காது. அவர்கள் பார்த்தது அந்த உடம்பை. இருக்கை தராத வெள்ளைக்காரன் முன்னால் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிற தோளை, கால்மேல் காலை.

அதையே தோட்டத்தில் யார் பார்த்தார்கள் என்றும் நினைத்துப் பாருங்கள். தோட்ட நிர்வாகியான துரை காரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றவர்கள். 1941-ல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் சம்பளத்தோடு சேர்த்து முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் ஒன்று, துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது. ஆபீஸ் முன்னால் தாழ்த்தியே பழகிய குரலைச் சிவாஜி திரையில் ஏற்றிக் காட்டினார். அந்த உயரத்துக்கு ஏறிய குரலை மிகை என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி விழாக்களில் பையன்கள் தலையில் அட்டைக் கிரீடத்தோடு அந்த வசனத்தை முழங்கினார்கள். பெற்றவர்கள் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அழுகை மக்களை மந்தமாக்கியது என்ற வாதமும் இங்கேதான் விழுகிறது. போர் முடிந்த கையோடு தொழிற்சங்கத் தலைவர் பி.பி. நாராயணன் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டத் தொடங்கியது இதே நெகிரி செம்பிலானில். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அவரே பொதுச்செயலாளர். அதே ஆண்டுதான் சிவாஜியின் ‘மனோகரா’ வந்தது. சங்கச் சந்தா கட்டியவனும் ‘மனோகரா’ வசனத்தை மனப்பாடம் செய்தவனும் ஒரே ஆள். தோட்டத்து வறுமைக்குக் குறைந்த தினக்கூலி காரணம், நிலமில்லாமை காரணம், கள்ளுக்கடை காரணம், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றது காரணம். இவற்றை விட்டுவிட்டு ஒரு நடிகனின் கண்ணீர்மேல் பழி போடுவது ஆராய்ச்சியே இல்லை.

உலக சினிமா படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ 1951-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. அதில் கொள்ளைக்காரனாக வரும் தொஷிரோ மிஃபுனே உடம்பைச் சொறிகிறார், குதிக்கிறார், தொண்டை கிழியச் சிரிக்கிறார். அதை யாரும் மிகை என்று தள்ளவில்லை. லாரன்ஸ் ஒலிவியர் 1955-ல் எடுத்து நடித்த ‘மூன்றாம் ரிச்சர்ட்’ படத்தில் காமிராவை நேராகப் பார்த்து மேடைக் குரலில் பேசுகிறார். அது செவ்வியல் நடிப்பாம். அதே ‘ராஷோமோன்’ பார்த்த தாக்கத்தில் எஸ். பாலசந்தர் 1954-ல் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டே இல்லாத படம். ஜப்பானுக்கு உளவு சொல்லும் ரேடியோ என்ஜினீயர் ராஜனாகச் சிவாஜி வருகிறார், படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பிறகு ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறு வேறு ராஜன். அந்தப் படத்தில் அவர் குரலைக் கேளுங்கள். காதலியிடம் பேசும்போது இருக்கும் மென்மைக்குள் ஒரு சலிப்பு கலந்திருக்கிறது. நாட்டைக் காட்டிக்கொடுப்பதற்கு நியாயம் சொல்லும்போது கோபமே இல்லை, கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம். ஊரே கொண்டாடிய அந்தக் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, துரோகி வேஷத்தை ஒப்புக்கொண்டு, இவ்வளவு தணித்து நடிக்கத் தெரிந்தவருக்கு அளவு தெரியாது என்கிறார்கள்.

படம் வந்தபோது ஓடவில்லை. சிவாஜி கத்தாததால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். அப்படியானால் ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யில் மகள்கள் நிறைந்த வீட்டில் வாயைத் திறக்காமலே அதிகாரம் செலுத்துகிற அப்பாவை ஏன் ரசித்தார்கள்? ‘உயர்ந்த மனிதன்’ கோழைப் பணக்காரனை ஏன் ரசித்தார்கள்? 1969-ல் வந்த ‘தெய்வமகன்’ இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போன படம். முகத்தில் வடுவோடு ஓர் அப்பா, அதே வடுவோடு பிறந்ததால் விலக்கப்பட்ட மூத்த மகன், செல்லம் கொடுத்து வளர்த்த இளைய மகன். மூவரும் ஒருவரே. மூத்தவன் அப்பாவைத் தேடி வந்து பேசும் காட்சியில் உட்கார்ந்திருக்கும் முதுகைப் பார்த்தே இது அப்பா, நிற்கும் தோளைப் பார்த்தே இது மகன் என்று எங்கள் திடலில், துணிக்குப் பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள். எல்லாப் படத்திலும் சிவாஜி சிவாஜியாகவே வருகிறார் என்பவர்கள் இந்த ஒரு காட்சியை மறுபடி பார்த்துவிட்டு வரட்டும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாயசைத்தார், விரலசைத்தார். எங்கள் வட்டாரத்துக் கோவில்களுக்கு வாசிக்க வரும் மேளக்காரர் ஒருவர் அந்தப் படத்தைத் துணிக்கு மிக அருகில் உட்கார்ந்து பார்த்தார். ரீல் மாறும்போது யாரோ, “என்னங்க, சும்மா ஊதற மாதிரி நடிக்கிறாரா?” என்று கேட்டார்கள். “மூச்சு எங்க எடுக்கணுமோ அங்க எடுக்கிறாருப்பா” என்றார் அவர். கன்னம் உப்புவதைப் பார்க்காதீர்கள், அது எவனும் செய்வான், நீளமான பிடி முடிந்ததும் தோள் இறங்குகிறதே, அதைப் பாருங்கள் என்றார். பிடி முடிகிற இடத்தில் பக்கத்தில் நிற்கும் தவில்காரருக்கு ஒரு கண்ஜாடை போகிறது. வாசிக்கிறவனுக்கு மட்டும் தெரிந்த பரிமாற்றம் அது. அன்று முதல் அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் என் கண் தோளுக்குத்தான் போகிறது. பெரிதாகத் தெரியும் நடிப்புக்கு உள்ளே இவ்வளவு சின்ன சின்ன உண்மைகளை அடுக்கி வைத்திருந்தார் அந்த மனிதர். ‘திருவருட்செல்வர்’ அப்பருக்குக் காஞ்சிப் பெரியவரின் உட்காருதலையும் பார்வையையும் கவனித்து எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மனிதர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நடிப்பு அது.

‘வியட்நாம் வீடு’ எங்கள் ஆட்களை ஏன் உலுக்கியது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பிராமண வீட்டுக் கதை, கம்பெனி அதிகாரி, பிரெஸ்டீஜ் பத்மநாபன். தோட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வேலை ஓய்வுதான் சம்பந்தம். தோட்டத்தில் ஓய்வு என்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அந்தக் கூரைக்குக் கீழே படுக்க முடிந்தது. வாழ்நாளெல்லாம் வெட்டிய மரங்களை விட்டு ஒரு நாளில் வெளியே போன மனிதர்களுக்கு, வேலை போனதும் வீட்டுக்குள்ளேயே தான் யாரென்று தெரியாமல் தடுமாறும் பத்மநாபனின் நிமிர்ந்த முதுகு புரிந்தது. சாதியும் வர்க்கமும் வேறு. ஆனால் அந்தத் தடுமாற்றத்தை உடம்பில் கொண்டுவந்ததால் அது லயம்வரை வந்து சேர்ந்தது.

எல்லாப் படத்தையும் நான் தாங்கிப் பேசவில்லை. 280-க்கும் மேற்பட்ட படங்கள். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஆண்டுக்கு எட்டு, பத்து என்று வந்தவற்றில் பல மோசமானவை. இளவயது நாயகிகளோடு ஆட வைத்தார்கள், பழைய வெற்றிகளின் நகலை எடுக்கச் சொன்னார்கள், அவரும் செய்தார். அந்தப் படங்களில் அவர் நடிப்பு உரக்க இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அதை மிகை என்றால் ஒப்புக்கொள்வேன். அந்தச் சில வருடங்களின் பழியை 1952-லிருந்து தொடங்கி வாழ்நாள் முழுவதும் பூசுவதைத்தான் எதிர்க்கிறேன். அந்த மோசமான காலத்தின் முடிவில்தான், 1985-ல், பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ வந்தது. மலைச்சாமி என்ற கிராமத்துப் பெரியவர், கசந்துபோன மண வாழ்க்கை, பரிசல்காரப் பெண்ணோடு வெளியில் சொல்ல முடியாத நெருக்கம். அந்தப் படத்தில் அவர் நடந்ததும் சிரித்ததும் இன்றைய எந்த இயல்புவாதியும் தொட முடியாத இயல்பு. 1992-ல் ‘தேவர் மகன்’. மகனோடு நடக்கும் அந்த வாக்குவாதத்தில் குரல் ஏறுகிறது, உடனே இறங்குகிறது, ஏறியதற்கு அவரே வெட்கப்படுவதுபோல் இறங்குகிறது. நாற்பது வருடம் முன்பு கோர்ட்டில் முழங்கிய அதே தொண்டை.

பத்மபூஷண், பிரான்ஸின் செவாலியே, தாதா சாகேப் பால்கே எல்லாம் வந்தன. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் 2001 ஜூலை 21-ல் அவர் மறையும்வரை வரவேயில்லை. ‘மிகை’ என்ற அந்த ஒற்றைச் சொல் இதில் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

நீலாய், செண்டாயான் பக்கத்துத் தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். திடல்கள் இல்லை, லயங்கள் இல்லை. அந்தத் துணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் தாமான் வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் சிவாஜியைப் பற்றிக் கேளுங்கள், சொல்வதை எழுதி வையுங்கள் அல்லது கைப்பேசியில் பதிந்து வையுங்கள். சினிமா எழுதுகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘அந்த நாள்’, ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’, ‘முதல் மரியாதை’ மூன்றையும் முழுதாகப் பார்க்காமல் சிவாஜியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை இனி எழுதாதீர்கள்.